தண்டனையில் நியாயம்: தரவைக் கொண்டு யாரை அளப்பது?

ஒரே குற்றத்தை ஏறக்குறைய ஒரே சூழலில் செய்த இருவருக்கு, அவர்கள் எந்த நீதிபதியின் முன்னால் நின்றார்கள், பிணையில் வெளியே இருந்தார்களா, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி இருந்ததா என்பவற்றைப் பொறுத்து வெவ்வேறு தண்டனை கிடைக்குமானால், அதை நியாயம் என்று நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். அப்படி நடக்கக்கூடும் என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரண்டாம் வட்டாரக் கூட்டரசு நீதிமன்றங்களைச் சேர்ந்த 50 நீதிபதிகளிடம் ஒரே வழக்கு விவரங்களைக் கொடுத்து, என்ன தண்டனை விதிப்பீர்கள் என்று கேட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த ஒருவருக்கு 20 ஆண்டுச் சிறையும் 65,000 டாலர் அபராதமும் விதிக்கலாம் என்றார் ஒரு நீதிபதி. அதே தாள்களைப் படித்த இன்னொருவர் 3 ஆண்டுச் சிறை போதும், அபராதமே வேண்டாம் என்றார்.

அந்த வேறுபாட்டைக் கண்டறிய அப்போது தனியாக ஓர் ஆய்வு தேவைப்பட்டது. இன்று சிங்கப்பூரில் குற்றச்சாட்டு முதல் தண்டனை வரை வழக்கின் விவரங்கள் மின்னியல் வடிவில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2022 ஜூனில் அமைக்கப்பட்ட தண்டனை ஆலோசனைக் குழு பொதுவான வழிகாட்டிகளை வெளியிடத் தொடங்கியிருக்கிறது. நீதிமன்றத்தை நாடுவோர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு ஆவணம் தயாரிக்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற வழிகாட்டியும் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே தண்டனை விதிப்பில் தரவுப் பகுப்பாய்வு வரலாமா கூடாதா என்று இனியும் விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது எந்த வடிவில் வர வேண்டும், முதல் முயற்சியை எதில் செலவிட வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உலகில் இதுவரை முயன்று பார்க்கப்பட்ட வழிகளை நான்காகப் பிரிக்கலாம். கடந்த காலத் தண்டனைகளைத் திரட்டி நீதிபதியின் பார்வைக்கு வைக்கும் தகவல் களஞ்சியம் முதல் வழி. தரவையும் சட்டக் கோட்பாட்டையும் சேர்த்துத் தண்டனை வரம்புகளை வகுத்துத் தரும் வழிகாட்டி இரண்டாவது. குற்றவாளியின் விவரங்களைக் கணினியில் இட்டு, அவர் மறுபடியும் தவறு செய்வாரா என்றோ, அவருக்கு எத்தனை மாதம் விதிக்கலாம் என்றோ கேட்டுப் பெறுவது மூன்றாவது. விதிக்கப்பட்டு முடிந்த தண்டனைகளை மொத்தமாக ஆராய்ந்து, எங்கே காரணமற்ற ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று தேடி, கண்டதைப் பொதுவில் வெளியிடும் தணிக்கை நான்காவது. இவற்றை ஒப்பிட நான் ஒரே ஒரு கேள்வியை அளவுகோலாகக் கொள்கிறேன்: இந்த வழியில் அளக்கப்படுவது குற்றவாளிக் கூண்டில் நிற்பவரா, அவருக்குத் தண்டனை வழங்கும் அமைப்பா?

களஞ்சியமும் அதன் எல்லையும்

நால்வகையில் மிகவும் எளியது களஞ்சியம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1986ஆம் ஆண்டில் நீதித்துறை ஆணையம் ஒன்றை அமைத்து, பிறகு உருவாக்கிய தண்டனைத் தகவல் முறையை இன்றுவரை நடத்தி வருகிறது. நீதிபதி ஒரு குற்றத்தைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு முன்பு விதிக்கப்பட்ட தண்டனைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வரைபடமாகக் காணலாம். ஸ்காட்லாந்தும் 1990களில் தன் உயர் நீதிமன்றத்துக்காக இத்தகைய ஒன்றை உருவாக்கியது. ஆனால் அது நிலைக்காமல் சில ஆண்டுகளில் பயன்பாட்டிலிருந்து மறைந்துபோனது. சிங்கப்பூரிலும் அரசு நீதிமன்றங்களின் தண்டனைத் தகவல்களைத் தேடிப் பார்க்கும் களஞ்சியம் ஒன்று, வழக்கறிஞர்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் லாநெட் வழியாகக் கிடைக்கிறது.

இதன் நன்மை வெளிப்படையானது. அனுபவம் குறைந்த நீதிபதி தன் நினைவையும் தன் அறையில் முன்பு பார்த்த வழக்குகளையும் மட்டும் நம்பியிராமல், சக நீதிபதிகள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்கிறார். யாருடைய கையையும் அது கட்டிப்போடுவதில்லை. ஆனால் முன்பு நடந்ததைத்தான் அது காட்டும். முன்பு நடந்தது சரியா என்று சொல்லாது. ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் இதையே வலியுறுத்தியது. தண்டனையில் சீர்மை என்பது சட்டக் கோட்பாடுகளை ஒரே சீராகப் பொருத்துவது. எண்கள் ஒன்றுபோல் அமைந்துவிட்டால் மட்டும் சீர்மை வந்துவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மேலும், வழக்கறிஞர் இல்லாமல் தனியாக நிற்பவருக்கு இத்தகைய களஞ்சியத்தால் நேரடிப் பயன் ஏதுமில்லை. எதிர்த்தரப்பில் இருக்கும் அரசாங்க வழக்கறிஞர் முந்தைய தண்டனைகளின் பட்டியலோடு வருகிறார், இவரோ வெறுங்கையோடு நிற்கிறார்.

வழிகாட்டிகள்: சிங்கப்பூர் ஏற்கெனவே நடந்திருக்கும் தூரம்

இரண்டாவது வழியில் சிங்கப்பூர் வெகுதூரம் வந்துவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தத்தம் தீர்ப்புகள் வழியாகவே தண்டனைக் கட்டமைப்புகளை வகுத்து வருகின்றன. பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்கு 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அடுக்குகளை வரையறுத்தது. முதல் அடுக்கில் 10 முதல் 13 ஆண்டுச் சிறையும் 6 பிரம்படியும், இரண்டாவதில் 13 முதல் 17 ஆண்டும் 12 பிரம்படியும், மூன்றாவதில் 17 முதல் 20 ஆண்டும் 18 பிரம்படியும் தொடக்கப் புள்ளிகளாகும். அதே ஆண்டில் 330 முதல் 500 கிராம் வரையிலான கஞ்சாவைக் கடத்துவதற்கும் எடையை ஒட்டிய வரம்புகளை அந்நீதிமன்றம் வகுத்தது.

தண்டனை ஆலோசனைக் குழுவின் முதல் வழிகாட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்வோருக்குத் தரப்படும் குறைப்பைப் பற்றியது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் அது, வழக்கை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் கட்டத்திலேயே ஒப்புக்கொள்வோருக்கு 30 விழுக்காடு வரையும், அடுத்தடுத்த கட்டங்களில் 20, 10, 5 விழுக்காடு வரையும் தண்டனையைக் குறைக்கலாம். இது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. பொதுநலனுக்கு முரணாக இருக்கும் என்று கருதினால் நீதிபதி குறைப்பைத் தராமலும் இருக்கலாம். முன்பு ஒவ்வொருவரும் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு இப்போது எல்லோரும் படிக்கக்கூடிய ஆவணமாகிவிட்டது. அந்த ஒரு மாற்றமே பெரிது.

வழிகாட்டி எங்கே தவறக்கூடும் என்பதை அமெரிக்கக் கூட்டரசு முறை காட்டுகிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987 நவம்பரில் நடப்புக்கு வந்த அந்த முறையில் 43 குற்ற நிலைகளும் 6 முன்குற்றப் பிரிவுகளும் சேர்ந்து 258 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது. நீதிபதி அந்தக் கட்டத்தைத் தாண்டுவது அரிதாகவே இயலும். 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதன் கட்டாயத் தன்மையை நீக்கி அறிவுரையாக மாற்றியது. நீதிபதியின் விருப்புரிமையைப் பறித்தபோது அது மறைந்துவிடவில்லை, எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது என்று முடிவு செய்யும் அரசாங்க வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரில் இந்த ஒரு பாடத்தை நாம் மறக்கவே கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

14.99 கிராம்

நம் போதைப்பொருள் சட்டத்தில் 15 கிராமுக்கு மேற்பட்ட டயாமார்ஃபின், அதாவது தூய ஹெராயின், கடத்துவோருக்கு மரண தண்டனை விதிக்கப்படலாம். 10 முதல் 15 கிராம் வரை என்றால் குறைந்தது 20 ஆண்டுச் சிறையும் 15 பிரம்படியும். நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: குற்றச்சாட்டில் '14.99 கிராமுக்குக் குறையாத டயாமார்ஃபின்' என்ற சொற்றொடர் அடிக்கடி வரும். பிடிபட்டது அதைவிட அதிகமாக இருந்தும், மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டைச் சுமத்துவதில்லை என்று அரசாங்கத் தரப்பு முடிவெடுக்கும்போது எடை இப்படிக் குறைத்து எழுதப்படுகிறது. கஞ்சாவுக்கு மரண தண்டனை வரம்பு 500 கிராம் என்பதால், அங்கே '499.9 கிராம்' என்று வரும்.

இந்த வழக்குகளை எல்லாம் ஓர் அட்டவணையில் போட்டு, எடைக்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடி என்று கணினியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 14.99 என்ற ஓரிடத்தில் மட்டும் வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கும். அந்தக் குவியலில் உண்மையாகவே 15 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்தவரும் இருப்பார், அதைவிடப் பல மடங்கு கொண்டுவந்தவரும் இருப்பார். அட்டவணைக்கு இருவரும் ஒருவரே. தண்டனைகள் ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து, ஆகா எவ்வளவு சீர்மை என்று பகுப்பாய்வு பாராட்டிவிடும். ஆனால் யாருடைய எடை குறைத்து எழுதப்பட்டது, யாருடையது குறைக்கப்படவில்லை என்ற கேள்வி, உயிர் போவதும் பிழைப்பதும் தொங்கும் அந்தக் கேள்வி, அட்டவணைக்கு வெளியே நின்றுவிடும். அந்த முடிவு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவின்படி தலைமைச் சட்ட அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அந்த அதிகாரம் அவரிடம் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. தண்டனைத் தரவை மட்டும் ஆராய்ந்துவிட்டு நியாயம் நிலவுகிறது என்று அறிவிப்பது, கதையின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாகும் என்பதே என் கருத்து.

சிறு குற்றங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றக் கட்டடத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்குகள் நடக்கும் அறைகளில் பொதுமக்களும் அமர்ந்து பார்க்கலாம். காவலில் இருப்பவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார். தமிழ் மட்டும் தெரிந்தவராக இருந்தால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டையும் சம்பவ விவரத்தையும் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, அவர் தலையசைத்துக்கொண்டே வருவார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், "முதல் தடவைங்க, இனிமே செய்யமாட்டேன், ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொள்வார். அடுத்து அதே பிரிவில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவர் வழக்கறிஞரோடு வருவார். மருத்துவ அறிக்கை, முதலாளியின் கடிதம், இழப்பீடு கட்டிய ரசீது, பல பக்க எழுத்து வாதம் எல்லாம் நீதிபதியின் மேசைக்குப் போகும். நாளைக்கு இந்த இரு வழக்குகளும் தரவாக மாறும்போது, முதலாமவரின் வரிசையில் 'இழப்பீடு: இல்லை', 'மருத்துவக் காரணம்: இல்லை' என்றுதான் பதிவாகும். அவருக்கு மருத்துவக் காரணமே இல்லையா, அல்லது இருந்தும் அதை எடுத்துச்சொல்ல ஆள் இல்லையா என்பது எந்தக் கட்டத்திலும் இருக்காது. அத்துடன், மேல்முறையீடு செய்யப்படாத வழக்குகளில் விரிவான எழுத்துத் தீர்ப்பு பெரும்பாலும் இராது என்பதால், நீதிபதி எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார் என்பதும் தரவுக்குள் வருவதில்லை.

கணினி சொல்லும் எண்

இந்தக் குறைகளை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது வழியைப் பார்த்தால், அதன் கவர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் கம்பாஸ் என்ற மென்பொருள், ஒருவர் மறுபடியும் குற்றம் செய்வதற்கான வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தருகிறது. 2016ஆம் ஆண்டில் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம், ஃபுளோரிடாவின் பிரவர்ட் மாவட்டத்தில் கைதான ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை ஆராய்ந்தது. பின்னர் குற்றமே செய்யாதவர்களில், அதிக ஆபத்தானவர் என்று தவறாகக் குறிக்கப்பட்டோர் கறுப்பினத்தவரிடையே 44.9 விழுக்காடு, வெள்ளையரிடையே 23.5 விழுக்காடு. மென்பொருளைத் தயாரித்த நிறுவனம், ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவராயினும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று காட்டித் தன் கருவி நியாயமானதே என்று வாதிட்டது.

இந்தச் சர்ச்சையில் இரு தரப்பின் எண்களும் சரி என்பதுதான் அதன் முக்கியமான படிப்பினை. இரு குழுக்களின் மறுகுற்ற விகிதங்கள் வேறுபட்டிருக்கும்போது, முழுமையாகக் கணிக்க முடியாத எந்தக் கருவியாலும் இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று கணிதவியலாளர்கள் நிறுவிவிட்டார்கள். எந்த வகை நியாயம் வேண்டும் என்பதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வைச் செய்யும் தகுதி மென்பொருள் நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனாலும் 2016ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், கணக்கிடும் முறை வணிக இரகசியமாக இருந்தபோதிலும், எச்சரிக்கைக் குறிப்புகளோடு இத்தகைய மதிப்பெண்ணை நீதிபதி பார்க்கலாம் என்று அனுமதித்தது. தன்னைச் சிறைக்கு அனுப்பும் காரணங்களில் ஒன்று எப்படிக் கணக்கிடப்பட்டது என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலையை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தென்சீனக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. மலேசியாவின் சாபா, சரவாக் நீதிமன்றங்கள் 2020 பிப்ரவரியில், போதைப்பொருள் வைத்திருத்தல், பாலியல் வல்லுறவு ஆகிய இரு குற்றங்களுக்குத் தண்டனையைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை நடப்புக்குக் கொண்டுவந்தன. 2014 முதல் 2019 வரையிலான வழக்குகளைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் நீதிபதியின் உரிமை. ஒருதலைச் சார்பு நுழையக் கூடாது என்பதற்காக இனம் என்ற விவரத்தைத் தரவிலிருந்து நீக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட காரியம் அது. ஆனால் வேலை, வருமானம், வசிக்கும் இடம், கல்வி ஆகியவை தரவில் இருக்கும்வரை, நீக்கிய இனம் அவற்றின் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடும். அத்துடன், இனத்தை அடியோடு நீக்கிவிட்டால், பாகுபாடு நடக்கிறதா என்று பிற்பாடு சோதித்துப் பார்க்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

சிங்கப்பூரில் கல்வி என்ற ஒன்றே போதும். மானபங்கம், காயம் விளைவித்தல் போன்ற குற்றங்களைச் செய்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு மென்மையான தண்டனை கிடைக்கிறது என்று 2019, 2020ஆம் ஆண்டுகளில் பொதுமக்களிடையே எழுந்த மனக்குறை பலருக்கும் நினைவிருக்கும். அதையொட்டி நடந்த மறுஆய்வுக்குப் பிறகு, 2021 மார்ச்சில் சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் பேசியபோது, இத்தகைய குற்றங்களைச் செய்யும் பெரியவர்களின் கல்வித் தகுதிக்குத் தண்டனையில் பொதுவாக அதிக முக்கியத்துவம் இருக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை விளக்கினார். மானபங்கக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைத்தண்டனையும் 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்த்தப்பட்டது. சமூகம் விவாதித்து, நாடாளுமன்றம் பேசி, இனி இது கூடாது என்று முடிவெடுத்த ஒன்றை, அதற்கு முந்தைய பத்தாண்டு வழக்குகளைப் படித்த கருவி மறுபடி பரிந்துரைக்கும். படித்தவர் திருந்திவிடுவார், படிக்காதவர் திருந்தமாட்டார் என்று அது நேரடியாகச் சொல்லாது. ஒரு எண்ணாகச் சொல்லும், எண்ணாகச் சொல்லும்போது அதை மறுப்பது கடினம். சிறைக்குள் எந்தக் கைதிக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம் பொருந்தும் என்று முடிவெடுக்க இடர் மதிப்பீடு உதவுவதை நான் எதிர்க்கவில்லை. அங்கே அது உதவியைப் பங்கிடுகிறது. தண்டனையின் நீளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

அமைப்பை அளப்பது

நான்காவது வழியான தணிக்கைக்கு இங்கிலாந்து நல்ல முன்மாதிரி. அங்குள்ள தண்டனை மன்றம் 2010 முதல் 2015 வரை, தண்டனை விதித்த ஒவ்வொரு முறையும் மேல்நிலைக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகளை ஒரு படிவம் நிரப்பச் சொன்னது: குற்றத்தின் கடுமையைக் கூட்டியது எது, குறைத்தது எது, ஒப்புதலுக்கு எவ்வளவு குறைத்தீர்கள் என்று. அப்படித் திரண்ட தரவை வைத்து 2020 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருள் விநியோகக் குற்றங்களில் உடனடிச் சிறைத்தண்டனை கிடைக்கும் சாத்தியம், மற்ற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், வெள்ளையரோடு ஒப்பிடக் கறுப்பினத்தவருக்கு 1.4 மடங்கும் ஆசியர்களுக்கு 1.5 மடங்கும் இருப்பதாகத் தெரிந்தது. மன்றம் அதை மூடி மறைக்கவில்லை. 2021இல் நடப்புக்கு வந்த போதைப்பொருள் வழிகாட்டியிலேயே இந்த ஏற்றத்தாழ்வைக் குறிப்பிட்டு நீதிபதிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தண்டனை ஆணையமும் 2017ஆம் ஆண்டு அறிக்கையில், ஒத்த சூழலில் இருக்கும் வெள்ளை ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களுக்குச் சராசரியாக 19.1 விழுக்காடு நீண்ட தண்டனை கிடைத்ததாகத் தானே கணக்கிட்டு வெளியிட்டது. இந்த இரண்டிலும் எந்தத் தனிமனிதருக்கும் மதிப்பெண் போடப்படவில்லை. அளக்கப்பட்டது அமைப்பு.

இதற்கும் குறைகள் உண்டு. முடிந்துபோன தண்டனையைத் தணிக்கை திருத்தாது. நேற்று அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இன்றைய அறிக்கையால் பயனில்லை. சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டில் எண்ணிக்கையும் ஒரு தடை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வசிப்போரில் இந்தியர்கள் 9 விழுக்காட்டினர். ஒரு குறிப்பிட்ட குற்றம், ஒரு குறிப்பிட்ட ஆண்டு, முன்குற்றம் இல்லாத இந்தியர் என்று வடிகட்டிக்கொண்டே போனால் கையளவு வழக்குகளே மிஞ்சும். அதில் தெரியும் வேறுபாடு தற்செயலா உண்மையா என்று சொல்ல முடியாது, அந்தக் கையளவு பேர் யார் யார் என்று அடையாளம் கண்டுவிடவும் முடியும். பல ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பது இதற்கு ஓரளவு தீர்வு.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், 'இந்தியர்' என்ற ஒரே கட்டம். ஈசூனில் பிறந்து வளர்ந்த இளைஞரும், புதுக்கோட்டையிலிருந்து வேலை அனுமதியில் வந்த கட்டுமான ஊழியரும், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் லாரி ஓட்டுநரும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். நன்னடத்தைக் கண்காணிப்போ சமூகத் தண்டனையோ பெற, இங்கே குடும்பமும் நிலையான முகவரியும் இருப்பது நடைமுறையில் பெரிய துணை. முதலாமவருக்கு அது உண்டு, மற்ற இருவருக்கும் இல்லை. அபராதம் கட்ட முடியாதவர் அதற்குப் பதிலாகச் சிறையில் இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொதுவான விதிதான், ஆனால் அது மூவரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஆகவே இங்கே நடக்கும் தணிக்கை இனத்தோடு நின்றுவிடக் கூடாது. குடியிருப்பு நிலை, வழக்கறிஞர் இருந்தாரா, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா, பிணை கிடைத்ததா ஆகியவற்றையும் அது பார்க்க வேண்டும்.

இனவாரியான புள்ளிவிவரம் சமூகங்களுக்கிடையே கசப்பை உண்டாக்கும் என்ற அச்சம் இங்கே பலருக்கு உண்டு. நான் அதை எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் கைதாகும் போதைப்புழங்கிகளின் இன விகிதத்தை மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சமூகங்களின் குறையை எடுத்துக்காட்டும் எண்களை வெளியிடலாம், அமைப்பு அந்தச் சமூகங்களை எப்படி நடத்துகிறது என்று காட்டும் எண்களை மட்டும் வெளியிடக் கூடாது என்பது பொருந்தாத வாதம். ஏற்றத்தாழ்வு இல்லை என்று தணிக்கை காட்டினால், நம் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்று காபிக்கடைகளில் நிலவும் பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் வேறெதுவும் இருக்க முடியாது. இருக்கிறது என்று காட்டினால், எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எதை முதலில் செய்வது

இந்த ஒப்பீட்டின் முடிவில் என் தேர்வு இது. வழிகாட்டிகளைத் தொடர்ந்து விரிவாக்க வேண்டும், ஆனால் நீதிபதி காரணம் காட்டி விலகும் உரிமையோடு. களஞ்சியத்தை வழக்கறிஞர் இல்லாதவர்களும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். நூலகத்திலோ நீதிமன்றத்தின் உதவி மேசையிலோ அதற்கு ஒரு கணினி போதும். தண்டனையின் அளவைச் சொல்லும் கருவியை வாங்கவோ உருவாக்கவோ கூடாது. புதிதாகச் செலவிடும் பணத்தையும் ஆட்களையும் தணிக்கைக்கே கொடுக்க வேண்டும். அதைத் தண்டனை ஆலோசனைக் குழுவிடமோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடம்பெறும் தனி அமைப்பிடமோ ஒப்படைத்து, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தத் தணிக்கை குற்றச்சாட்டு சுமத்தும் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். முதலில் சுமத்தப்பட்டது எது, பிறகு மாற்றப்பட்டது எது என்ற இரண்டும் பதிவாகாத தரவு, 14.99 கிராமைத் தாண்டி எதையும் காட்டாது.

தொடங்குவதற்கு ஏற்ற இடமும் தயாராகவே இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வோருக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, தேதியை வைத்துக் கட்டத்தைத் தீர்மானிப்பதால் அளப்பது எளிது. 30 விழுக்காட்டுக் குறைப்பைப் பெற்றவர்கள் யார், 10 விழுக்காட்டோடு நின்றவர்கள் யார்? வழக்கறிஞர் இல்லாதவர்கள் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய முழுக் குறைப்பும் தெரியாமல் தாமதிக்கிறார்களா? அல்லது அதற்கு நேர்மாறாக, பிணையாளர் கிடைக்காமல் காவலில் இருப்பவர்கள் சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்று, எதிர்த்து வழக்காடியிருக்கக்கூடிய குற்றச்சாட்டுகளையும் முதல் கட்டத்திலேயே ஒப்புக்கொள்கிறார்களா? வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாட 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு அலுவலகத்தின் உதவி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இதில் வேறுபாடு தெரிகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் காண எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை. வழக்கு முதன்முதலில் நீதிமன்றத்துக்கு வந்த தேதி, ஒப்புக்கொண்ட தேதி, வழக்கறிஞர் இருந்தாரா, பிணை கிடைத்ததா, எத்தனை விழுக்காடு குறைக்கப்பட்டது என்ற ஐந்து விவரங்களை ஒவ்வொரு வழக்கிலும் பதிவு செய்யச் சொன்னால், சில ஆண்டுகளுக்குள் அந்தப் பதில் கைக்கு வந்துவிடும்.